கரைவெட்டியில் கை நனைத்த நாள்

18-12-2003, வியாழன்

அரையாண்டுத் தேர்வுத் தாள் இன்னும் ஒரு கட்டு மிச்சம். பானிபட் போரைத் திருச்சியில் நடத்தியிருக்கிறான் ஒருவன். முட்டை போட்டேன்.

மாலையில் தலைமையாசிரியர் நல்லுசாமி அறைக்குக் கூப்பிட்டார். லீவில் ஆசிரியர்கள் நடைக்குழு பச்சைமலை ஏறுகிறதாம். இரண்டு நாள் முதுகில் பையோடு நடை. மூன்றாம் நாள் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தில் ஓய்வு.

"அன்னிக்கு ப்ரீ டே சார். நடை கெடையாது, சும்மா பறவை பாக்கறதுதான். நம்ம வூட்டுலேருந்து ஜானகியும் பாப்பாவும் சாப்பாடு எடுத்துட்டு வந்துருவாங்க. தம்பி அரியலூர்லதானே இருக்காரு, அவரையும் வரச் சொல்லுங்களேன்."

ஜானகி அவர் மனைவி. பாப்பா என்பது மகள் அனிதா. தம்பி என்பது என் மகன் மகேஷ், சிமெண்ட் ஆலையில் இன்ஜினியர். இரண்டும் ஒன்றையொன்று விரும்புகின்றன. ஜாதியில் தடையில்லை. பெண் வீட்டில் எல்லோரும் தயார், என் வீட்டில் மனைவி அமிர்தவல்லியும் தயார். என் ஒரு வார்த்தைதான் பாக்கி. அதை நான் மாதக்கணக்கில் சொல்லாமல் வைத்திருக்கிறேன்.

வருகிறேன் என்றேன். மனிதர் எழுந்து நின்று கை கொடுத்தார்.

21-12-2003, ஞாயிறு

சாந்தா வாசலில் உளுந்து காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். தலை பாதி நரைத்துவிட்டது. என் தங்கை. கல்யாணமாகாதவள்.

1979. வாலிகண்டபுரத்தில் எங்கள் பழைய வீடு. அவளைப் பெண் பார்க்க வேப்பந்தட்டையிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். முடிவாகும்வரை பெண் வீட்டுச் சோற்றில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க மாட்டார்கள். காபி, பலகாரத்தோடு எழுந்துவிடுவார்கள். கை நனைத்தால் சம்மதம். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு பேச்சும் தேவையில்லை. அன்று அவர்கள் பந்தியில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை இரண்டாம் தடவை ரசம் கேட்டான். ஊற்றியவன் நான். அடுத்த வாரம் ஆள் வந்து சொன்னான், ஜாதகம் பொருந்தவில்லை என்று. கை நனைத்துவிட்டுப் போன பிறகு! பெண்ணிடம் என்ன குறையோ என்று ஊர் பேச ஆரம்பித்தது. இன்றுவரை நிறுத்தவில்லை.

அந்த மாப்பிள்ளைதான் நல்லுசாமி. எட்டு வருடங்களுக்கு முன் என் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அவனுக்கு நான் யாரென்று தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. என்னைவிட இளையவன், படிப்பிலும் குறைந்தவன். எனக்கு வரவேண்டிய நாற்காலியிலும் இப்போது அவன்தான்.

26-12-2003

மலைமேல், ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கை. குளிர். நல்லுசாமி புது ஷூ போட்டு வந்து இரண்டு குதிகாலும் கொப்பளித்துவிட்டது. பிளாஸ்திரி இருக்கிறதா என்று எல்லோரிடமும் கேட்டார். என் பையில் இருந்தது. இல்லை என்றேன்.

27-12-2003

பூலாம்பாடிப் பக்கம் இறங்கினோம். கடைசி மைல் முழுக்க அவர் நொண்டிக்கொண்டு வந்தார். பின்னால் நடந்து பார்த்துக்கொண்டே வந்தேன். அலுப்பே தெரியவில்லை.

28-12-2003, ஞாயிறு

கரைவெட்டி. ஏரி நிறையத் தண்ணீர். பைகளை இறக்கிப்போட்டுவிட்டு அவரவர் இஷ்டத்துக்குக் கரையில் திரிந்தோம். வரித்தலை வாத்துகள் கூட்டமாக வந்திருக்கின்றன. இமயமலையைத் தாண்டி வருபவை. "அதுங்களுக்குக் குதிகால் கொப்பளிக்காதா சார்?" என்று உடற்பயிற்சி ஆசிரியர் வெள்ளைச்சாமி கேட்க, நல்லுசாமியும் சேர்ந்து சிரித்தார். செருப்பு கூட இல்லாமல் வெறுங்காலோடு நின்றார்.

மகேஷ் வெள்ளைச் சட்டையில் வந்தான். அனிதா அவனைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான். கெட்டிக்காரப் பெண். நிறையப் படிக்கிறவள் என்று முகத்திலேயே தெரிந்தது. அவளிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. எழுதிவைக்கிறேன், அவளிடம் குறை இல்லை.

மதியம் புளியமரத்தடியில் இலை போட்டார்கள். ஜானகி எனக்கும் மகேஷுக்கும் மட்டும் தனியாக ஒரு டப்பாவைத் திறந்தாள். முறுக்கும் அதிரசமும்.

"சாருக்கும் தம்பிக்கும் பலகாரம் தனியா வெச்சிருக்கேங்க. சங்கடப்பட வேணாம்."

முறை தெரிந்த பெண்பிள்ளை. பத்துப் பேர் நடுவில் என்னைத் தர்மசங்கடத்தில் விடவில்லை. நான் டப்பாவை மூடினேன்.

"பலகாரம் எதுக்கும்மா? எனக்கும் எலையப் போடு."

வெள்ளைச்சாமி தொடையில் தட்டினார்: "அடி சக்கை! சார் கைய நனைக்கப் போறாரு! எலேய், எல்லாரும் பாத்துக்கங்கடா!"

எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், தயிர்ச்சோறு. அனிதாதான் பரிமாறினாள். போதும் என்று சொல்லாமல் சாப்பிட்டேன். ஜானகி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்லுசாமி என் பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பிடாமல், நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகேஷும் இலை முன்னால் உட்கார்ந்தான். ஐந்து வயதுக்குப் பிறகு அவன் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

தயிரை இன்னொரு தடவை கேட்டு வாங்கினேன்.

30-12-2003

வெள்ளைச்சாமியிடம் சொல்லி அனுப்பினேன். ஜாதகம் பொருந்தவில்லை. அதே வார்த்தை, கூடக் குறைய இல்லாமல்.

"சார், கை நனைச்சுட்டுல்ல வந்தீங்க?" என்றார்.

"பசிச்சுது. சாப்பிட்டேன்."

1-1-2004

மகேஷ் போன்.

"ஜாதகம் எப்பப்பா பாத்தீங்க?"

"பாத்தேன்."

"யார்கிட்ட?"

வைத்துவிட்டேன்.

4-1-2004, ஞாயிறு

நல்லுசாமி வந்தார். இன்னும் செருப்பை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். உட்காரச் சொன்னதும் கையைக் கூப்பினார்.

"சார், என் பக்கம் என்ன தப்புன்னு மட்டும் சொல்லிருங்க. ஊரே கேக்குது. பாப்பா மூணு நாளா வெளிய வரல. நீங்க சாப்புட்டத அத்தன பேரும் பாத்தாங்களே."

இந்த நிமிடத்துக்காகத்தான் எட்டு வருடம் அவருக்கு வணக்கம் சொன்னேன். நிதானமாகச் சொன்னேன். வாலிகண்டபுரம். 1979. வண்டி. பந்தி. ரசம்.

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். நடிப்பு என்று முதலில் நினைத்தேன். நடிப்பு இல்லை.

"வாலிகண்டபுரமா... எங்கப்பா அந்த வருசம் ஏழெட்டு வூட்டுக்கு இழுத்துட்டுப் போனாருங்க. சாப்புடுன்னாரு, சாப்புட்டேன். பொண்ணு மொகம்கூட ஞாபகம் இல்லீங்க சார். சத்தியமா ஞாபகம் இல்ல."

அப்போதுதான் பார்த்தேன், சாந்தா செம்பில் தண்ணீரோடு உள்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள்? வந்து செம்பை அவர் முன்னால் வைத்தாள். அவர் நிமிர்ந்து, "நல்லாருக்கியாம்மா?" என்றார். வேலைக்காரியைக் கேட்கிற மாதிரி. அவருக்கு இன்னும் தெரியவில்லை.

"இருக்கேங்க," என்றாள்.

குடித்தார். போய்விட்டார்.

5-1-2004

ஏன் எனக்குச் சந்தோஷமாக இல்லை? பழி தீர்த்தாயிற்றே. தீர்த்தாயிற்றா? ஞாபகமே இல்லாதவனிடம் எதைத் தீர்ப்பது?

காலையில் சாந்தாவிடம், உனக்காகத்தான் செய்தேன் என்றேன். அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்:

"எனக்காகன்னு சொல்லாத. அதுக்கப்புறம் வந்த ரெண்டு எடத்தையும் 'எங்களுக்குச் சமமில்ல'ன்னு திருப்பி அனுப்புனவன் நீ."

அது வேறு விஷயம். அந்த இரண்டும் உருப்படியான இடங்களா? ஒருவன் பஸ் கண்டக்டர்!

"ஒருநா எம்மொகத்தப் பாத்தாவது அந்தாளு தலயக் குனிவான்னு நெனச்சிட்டிருந்தேன். அவனுக்கு நான் யாருன்னே தெரியல. அது தெரியாமலே இருந்துட்டுப் போயிருப்பேன். அதையும் கொண்டாந்து என் வாசல்ல வெச்சிட்ட."

தோசை கருகியது. அதையே என் தட்டில் வைத்தாள்.

30-5-2004, ஞாயிறு

அனிதாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை துறையூர்ப் பக்கம், ஏற்கெனவே ஒரு மனைவியை இழந்தவராம். கை நனைத்துவிட்டுப் போன வீடு என்பதால் வேறு யாரும் வரவில்லை என்று வெள்ளைச்சாமி என் காதுபடச் சொன்னார். சொல்லட்டும். இருபத்தைந்து வருடம் நாங்கள் கேட்டோம்.

மகேஷ் அந்தக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறான். பந்தியில் நின்று கடைசி இலைவரை பரிமாறினானாம். பைத்தியக்காரன்.

13-6-2004

சாந்தா ஒரு டிரங்குப் பெட்டியோடு அரியலூர் பஸ் ஏறினாள். மகேஷ் குவார்ட்டர்ஸில் சமைத்துப்போட ஆள் வேண்டுமாம். வழியனுப்பப் போகவில்லை. போகவேண்டுமா என்ன? யாருக்காக இதையெல்லாம் செய்தேன்?

அவள் திரும்பி வருவாள்.

25-11-2007, ஞாயிறு

அரியலூரை மறுபடி தனி மாவட்டமாக்கிவிட்டார்கள். பேப்பரில் படம்.

மகேஷைப் பார்க்க ஒரு பெண் வீட்டார் அங்கே வந்துபோனார்களாம். அமிர்தவல்லி போயிருந்தாள், நேற்று வந்தவள் இன்று மத்தியானம்தான் வாயைத் திறந்தாள். பேச்சையெல்லாம் சாந்தாதான் பேசினாளாம். இடம் முடிந்துவிட்டதாம். தை மாதம் கல்யாணம்.

"என்னப் பத்திக் கேக்கலயா?"

"கேட்டாங்க. பையனுக்கு அப்பா எங்கன்னு."

"என்ன சொன்னா?"

"வெளியூர்ல இருக்காருன்னா."

"அதுக்கு மகேஷ்?"

"வந்தவங்களுக்குச் சாம்பார் போட்டுக்கிட்டிருந்தான்."

பேப்பரை மறுபடி எடுத்தேன். புது மாவட்டத்தின் எல்லையைக் கறுப்புக் கோடாகப் போட்டிருக்கிறார்கள். நான் இருக்கும் பெரம்பலூர் கோட்டுக்கு இந்தப் பக்கம். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.