அப்பா பட்டினி கிடக்காத பாஸ்கா

மார்ச் 5, ஞாயிறு
மன்னித்துக்கொள், நோட்டே. எழுதி வைக்கும் அளவுக்கு என் வாழ்க்கையில் எதுவும் நடப்பதில்லை. ஆனால் இதைச் சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்: எங்கள் யூதச் சட்டநூலான தல்மூத்தை நான் படிக்கத் தொடங்கிவிட்டேன்! எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான்; இந்த நூலை மட்டும் யாருமே தொட்டதில்லை. தினம் ஓர் ஏடு. ஹென்யா டீச்சரின் வீடியோ பாடம், பிறகு மீள்பார்வைக் கேள்விகள்.

பூரிம் பண்டிகை பற்றிய பாகம், முப்பத்திரண்டு ஏடு. ஏப்ரல் 5 அன்று முடியும். பாஸ்கா பண்டிகைக்கு முந்திய நாள், தலைப்பிள்ளைகள் நோன்பிருக்கும் நாள்; அப்பாவும் தலைப்பிள்ளை. யாராவது ஒரு பாகத்தைப் படித்து முடிப்பதைக் கேட்டு, கூடவே சாப்பிட்டால் நோன்பு இல்லை. ஜெபக்கூடத்தில் அது நடக்கும் நேரத்தில் அப்பா அஷ்தோத் நகரில் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பார். போன வருஷம் வெறும் வயிற்றோடு ஓட்டி, கண் இருட்டி, நடுவழியில் வண்டியை நிறுத்தினார்.

இந்த வருஷம் வீட்டில் நான் முடிப்பேன். அவரிடம் எப்படிக் கேட்பது? அப்புறம்.

பி.கு.: புத்தகத்தில் முதல் ஏட்டை யாரோ கிழித்துவிட்டார்கள்.

மார்ச் 6
ஜெபக்கூடத்து நிர்வாகி பெனாயாவிடம் புகார் சொன்னேன். மனுஷர் சிரித்து மேசையிலேயே சாய்ந்துவிட்டார். "அம்மாடி, அந்த ஏட்டை உலகத்துல எவனும் பார்த்ததில்ல! எல்லாப் பாகமும் ரெண்டுலதான் ஆரம்பிக்கும்." ஓடியே வந்துவிட்டேன்.

மார்ச் 12
நேற்று சனி. ஓய்வுநாளில் கணினியைத் தொடக்கூடாது, வீடியோ ஏது? தனியாகப் படித்தேன். பதில் என்று நினைத்து மனப்பாடம் செய்தது கேள்வியாம். இன்று டீச்சர் சொல்லித்தான் தெரிந்தது.

மார்ச் 19
ஒன்றரை மடங்கு வேகத்தில் பாடம் கேட்கிறேன். அம்மா கதவுக்கு வெளியே: "யாருடி அவ, மூச்சே விடாம பேசுறா? தண்ணி குடிக்கச் சொல்லு!"

மார்ச் 28
ஐயோ. ஏடு இரண்டில் தொடங்கினால் மொத்தம் முப்பத்தொன்றுதானே! ஒருநாள் முன்னாலேயே முடிந்துவிடும். அப்போது அப்பாவுக்கு? ஒருநாள் படிக்காமல் விடலாமா? இத்தனை நாள் விடாமல் வந்தது அறுந்துபோகுமே. பட்டம் வாங்கியவளாம், கழிக்கத் தெரியவில்லை.

மார்ச் 30
வாராந்தர மீள்பார்வை. எப்போதும் கேமராவை அணைத்தே உட்காருவேன். இன்று போட்டேன் — எனக்குப் பின்னால் அம்மா, பண்டிகைச் சுத்தத்துக்குக் கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு குறுக்கே நடந்தாள். நாற்பது பேர் பார்த்தார்கள்! பரவாயில்லை, கேட்டுவிட்டேன்.

"கடைசி மூணு வரியைத் தொடாம வை," என்றார் டீச்சர். "எல்லாரும் அப்படித்தான் விருந்துக்குன்னு மிச்சம் வைப்பாங்க."

"பொண்ணு முடிச்சா, அப்பாவுக்குச் செல்லுமா?"

"எங்க அப்பா நான் முடிச்சாத்தான் சாப்பிடுவார். ஆனா உங்க அப்பா சம்மதிக்கணும். அதை நீதான் கேக்கணும்."

அதுதானே முடியவில்லை.

ஏப்ரல் 4
மூன்று வரி மிச்சம். அப்பாவிடம் உப்பு மட்டும் கேட்டேன்.

ஏப்ரல் 5, புதன்
காலை ஆறே கால். அப்பா சீருடையோடு சமையலறையில். வாசித்தேன், குரல் ஆட்டின் குரல் மாதிரி நடுங்கியது. முடிந்ததும் அவர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு மாசமா கதவைச் சாத்திக்கிட்டு இதுதானா?"

"ஆமாப்பா."

"யாரோ பையன்னு உங்க அம்மாகிட்ட சண்டையே போட்டேன்டி!"

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தேன் கேக்கை வெட்டினாள். இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவதைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

வாசிப்பதற்கு முன், பாதி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இதைத்தான் கேட்டேன்: "அப்பா, கொஞ்சம் உக்காருங்களேன். நான் முடிக்கிறதைக் கேட்டுட்டு, இன்னிக்கு என் புண்ணியத்துல சாப்பிடுங்க."