ஞாயிற்றுக்கிழமை ஜப்பான் படம்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முட்டிவலியும் எங்களோடு சௌக்கியமாகத்தான் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ சரிம்மா சரிம்மா என்று முடித்துவிடுவாய், காகிதத்தில் அப்படி முடியாது, கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும்.

கடையில் எப்போதும் போல வேலை. லென்ஸ் வெட்டுவதற்கு முதலாளி புது மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார், அது போடுகிற சத்தத்தில் கண்ணாடி வாங்க வருகிறவர்கள் சொல்வதில் பாதி என் காதில் விழுவதில்லை. ஆனால் போன மாதம் உன் மாமியார் சொன்னது மட்டும் ஒரு எழுத்து விடாமல் விழுந்துவிட்டது. அவர் புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்திருந்தார். உன் அப்பா அவருக்கு மௌனச்சாமி என்று பெயர் வைத்திருப்பது உனக்குத் தெரியும், ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் ஆயுசு முழுக்கப் பேச வேண்டியதைப் பேசித் தீர்த்துவிட்டார் போலிருக்கிறது. அப்படிப்பட்டவர் நான் பிரேமைக் காதில் பொருத்திக்கொண்டிருக்கும்போது தானாகவே வாயைத் திறந்து, டிவியில் படத்துக்குக் கீழே ஓடுகிற எழுத்து கலங்கித் தெரிகிறது, ஞாயிற்றுக்கிழமை உன்னோடு உட்கார்ந்து ஜப்பான் படம் பார்க்கும்போது பாதி வசனம் போய்விடுகிறது என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் புரியவில்லை என்று அவரிடம் காட்டிக்கொள்வேனா, ஆமாம் ஆமாம், சொன்னாள் சொன்னாள் என்று தலையாட்டிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாயிலிருந்தே பிடுங்கினேன். நீ அங்கே, அவர் இங்கே, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒரே நேரத்தில் படத்தைப் போடுவீர்களாம், முடிகிறவரை இரண்டு பேரும் பேசவே மாட்டீர்களாம். குழந்தைகள் பார்க்கிற கார்ட்டூன் இல்லை சம்பந்தி, பெரியவங்களுக்காகவே வரையறாங்க என்று எனக்கு விளக்கம் வேறு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் கூப்பிடும்போதெல்லாம், ஒரு வேலை இருக்கும்மா அப்புறம் பேசறேன் என்பாயே, அந்த வேலை இதுதானா? பாவம், லீவு நாளிலும் பிள்ளைக்கு ஆபீஸ் வேலை என்று உன் அப்பாவிடம் எத்தனை தடவை புலம்பியிருப்பேன். அன்றைக்குப் பிரேமின் திருகை வேண்டியதற்கு மேலேயே இறுக்கிவிட்டேன். பெற்றவளுக்கு இல்லாத ஞாயிற்றுக்கிழமை மாமியாருக்கு. மாமியாரும் மருமகளும் ஒற்றுமையாக இருந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று உன் அப்பா கேட்டார், அவருக்கென்ன, அவர் சொல்வார். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது, எழுதுவதற்கு என்ன வெட்கம்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்தப் படத்தில் என்று பார்த்துவிட வேண்டும் என்ற ஆத்திரம். பெரியவங்களுக்கான ஜப்பான் படம் ஒன்றைத் தேடிப் போடுங்கள் என்று உன் அப்பாவிடம் சொன்னேன், அந்த மனுஷன் கண்ணாடிக்கு மேலாக என்னை ஏற இறங்கப் பார்த்தார், அந்த மாதிரிப் படம் இல்லை என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முதலில் கிடைத்ததைப் போட்டோம். குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். ரயில் நிலையத்தில் பயணிகள் தொலைத்த பொருள்களை வைத்துக் காக்கிற ஒரு பெண், என் வயதிருக்கும், புருஷன் இல்லை. குடைகளுக்குச் சீட்டு கட்டுகிறாள், மழையைப் பார்க்கிறாள், வீட்டுக்குப் போய் ஒற்றை ஆளாக ஆப்பிள் நறுக்கித் தின்கிறாள். சண்டை எப்ப வரும் என்று கேட்டுக்கொண்டே உன் அப்பா சோபாவில் குறட்டை விட்டார். நானும் எழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், அப்போது அவள் பஸ்ஸில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். உடனே ஜன்னலுக்கு வெளியே இருந்த தெருவிளக்கெல்லாம் ஊதிப்போய், ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, ஈரத்தில் கரைந்த மாதிரி வரைந்திருக்கிறார்கள். கடைக்கு வருகிறவர்கள், எனக்கு எப்படித் தெரியுதுன்னு சொல்லத் தெரியலையேம்மா என்பார்களே, அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். அவள் கண்ணாடியைத் திரும்பப் போடவே இல்லை, அப்படியே பார்த்துக்கொண்டு வீடுவரை போகிறாள். அந்த இடத்தில் அழ ஆரம்பித்தவள்தான், படம் முடிந்து பேர்கள் ஓடுகிறவரை அழுதுகொண்டிருந்தேன். மறுநாள் இன்னொன்று பார்த்தேன். அதற்கு மறுநாளும். இப்போது கடை மூடும் நேரம் எப்போது வரும் என்றிருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றும் பிடிக்கப் பிடிக்க ஆத்திரம்தான் கூடியது, இத்தனை அழகான ஒன்றை எனக்குக் காட்டத் தோன்றாமல் அவருக்குக் காட்டியிருக்கிறாயே என்று.

கண்ணாடி தயாரானதும் நானே எடுத்துக்கொண்டு உன் மாமியார் வீட்டுக்குப் போனேன், கடையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம், ஆனால் உள்ளே ஒரு குறுகுறுப்பு. கூடத்தில் டிவிக்கு எதிரே ஒரு நாற்காலி, அதன் கைப்பிடியில் போன் வைப்பதற்கென்று ஒரு தாங்கி. அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. நானும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். காபி கொடுத்தார். என்னென்ன பார்த்தீங்க என்று கேட்டார், சொன்னேன். பிறகு அவராகவே சொன்னார், அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "ரெண்டு மாசம் முன்னாடி ஒரு படம் பார்க்கும்போது பாதியில உங்க பொண்ணு அழுதா சம்பந்தி. அழற மாதிரி அதுல ஒண்ணும் வரலை, ஒருத்தி துணி மடிச்சுக்கிட்டு இருந்தா, அவ்வளவுதான். நான் படத்தை நிறுத்தி வச்சேன். ரொம்ப நேரம் கழிச்சு, போடலாம் அத்தைன்னா, போட்டேன்."

எதற்கு அழுதாள் என்று கேட்டேன். தெரியாது என்றார். "நீங்க கேக்கலையா?" என்றேன், என் குரல் எனக்கே கேட்கிற அளவுக்கு உயர்ந்துவிட்டது. "கேட்டிருந்தா சொல்லியிருப்பா. ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை கூப்பிட்டிருக்க மாட்டா" என்றார்.

பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் போனைக் கையில் எடுப்பதும் பைக்குள் போடுவதுமாக இருந்தேன். அந்த நாட்களில் உன் குரல் கம்மியிருந்ததும் நான் கேட்டதும் நினைவு இருக்கிறது. சாப்பிட்டாயா, மாப்பிள்ளை ஏதாவது சொன்னாரா, ஆபீஸில் யாராவது திட்டினார்களா, லீவு போட்டு வந்துவிடுகிறாயா, டிக்கெட் போடட்டுமா என்று மூச்சு விடாமல் கேட்டேன். சளிம்மா என்றாய். பாலில் மிளகு போட்டுக் குடி என்றேன். உன் கண்ணீர் அவருக்கு, எனக்கு உன் சளி. இதைவிட ஒரு பொறாமை எனக்கு இந்த வயதில் வேண்டாம். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை, ஏனென்றால் அவர் செய்ததை என்னால் செய்திருக்க முடியாது, அதுதான் தாங்கவில்லை. நான் பெற்ற பிள்ளை அழுவதைக் கேட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடிகிறது.

அதனால் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று உன் அப்பாவோடு ஒரு முழுப் படத்தை வாய் திறக்காமல் பார்த்தேன், முடிந்ததும் அவர் என் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார். கடைக்குப் புதன்கிழமை விடுமுறை. உனக்குத் தோதான நேரத்தைச் சொல், ஒன்று இரண்டு மூன்று நான் சொல்கிறேன். சாப்பிட்டாயா என்றுகூட நடுவில் கேட்கமாட்டேன். நீ அழுதால் படத்தை நிறுத்தி வைக்கிறேன், நீ போடச் சொல்கிறவரை தொடமாட்டேன். இந்தக் கடிதத்திலும் எதற்கு அழுதாய் என்று நான் கேட்கவில்லை, கவனித்தாயா? இந்தக் காகிதம் மூன்றாவது காகிதம், முதல் இரண்டிலும் கேட்டிருந்தேன், கிழித்துப் போட்டுவிட்டேன்.

விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்காதே, பின்னால் ஒரு சின்ன விளக்காவது எரியட்டும், அடிக்கடி கண்ணைச் சிமிட்டு. கண்ணைச் சோதித்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, தள்ளிப் போடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீ நினைத்தது எல்லாம் நடக்கட்டும், உன் மனசில் இருக்கிற பாரம் எதுவானாலும் சீக்கிரம் இறங்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. புதன்கிழமைக்கு நீ எடுக்கிற படம் உன் அத்தை பார்க்காத படமாக இருக்க வேண்டும். பார்த்த பிறகு அவரிடம் கதையை நீ சொல்லாதே, நானே போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா