பாலம் மூடப்பட்டுள்ளது

பிப்ரவரி 6, வியாழன்

வாராந்திர அறிவிப்பு போய்விட்டது. பதினான்கு வரி. குடிநீர் வரும் நேரம், குப்பை வண்டி நேரம், தெருவிளக்குப் புகாருக்கான எண், பூங்காச் சாலையில் குழி தோண்டும் வேலை, ஓடைப் பாலம் மூடப்பட்டுள்ளது, பிறப்புச் சான்றிதழ் கவுண்டர் இனி மூன்றாம் எண் அறையில் — இன்னும் இப்படியே. மேலாளர் நாலரை மணிக்குக் கையெழுத்துப் போட்டார். "நிதானமா படிச்சுட்டுப் போடறேன்" என்றார், படிக்காமலே போட்டார். அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்தவள் நான்தான். முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

என் தொழில் ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. போன வாரத் தாளைக் கணினியில் திறக்க வேண்டும். தேதியை மாற்ற வேண்டும். புதிதாக வந்ததைச் சேர்த்து, முடிந்ததை எடுத்துவிட வேண்டும். எது முடிந்தது என்று பொறியியல் பிரிவிலிருந்து சீட்டு வரும். அதில் "பார்த்தேன்" என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டுக் கோப்பில் வைப்பேன். ஒன்பது வருடம் இப்படியே ஓடிவிட்டது. ஒன்பது வருடத்தில் ஒரு திருத்தம் கூட நகராட்சி வெளியிட்டதில்லை. பெருமையடித்துக்கொள்ள எனக்கு வேறென்ன இருக்கிறது?

பிப்ரவரி 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். ஓடைப் பாலத்துக்குப் பச்சை நிறத்தில் புதுக் கைப்பிடி போட்டிருக்கிறார்கள். லட்சணமாக இருக்கிறது. ஸ்கூட்டரை நிறுத்தி ஒரு நிமிடம் பார்த்தேன்.

அக்கா முட்டியில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் நாள் முழுக்க நின்றுகொண்டே விரிப்புகளைத் தேய்க்கிற வேலை அவளுக்கு. போகும்போது அரை மணி நேர நடை, வரும்போதும் அதேதான். "பாலம் வேலை முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு. மினி பஸ் மட்டும் எங்க பக்கம் வர்றதே இல்ல. மெயின் ரோட்லயே திருப்பிக்கிட்டுப் போயிடறான். கேட்டா மேலிடத்து உத்தரவாம். டீக்கடைதான் அவனுக்கு மேலிடம்!" என்றாள். போன வாரம் நடுரோட்டில் வண்டியை மறித்து, நாலு பேர் பார்க்க அவனைக் கிழி கிழி என்று கிழித்தாளாம்.

"வாயால கத்தி என்ன ஆகப்போகுது? மனுவா எழுதிக் குடு" என்றேன்.

"எனக்கு எழுத வந்தா நான் ஏன்டி துணி தேய்க்கறேன்?"

நானே எழுதினேன். 'பாலப் பணி முடிவடைந்து ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆகியும், வழித்தடம் 4-இன் ஓட்டுநர் இரு நிறுத்தங்களைத் தன்னிச்சையாகப் புறக்கணித்து வருகிறார்' என்று தொடங்கி ஒரு பக்கம். 'தன்னிச்சையாக' என்ற சொல்லில் எனக்குத் தனித் திருப்தி. இதற்கு யாரும் சப்பைக்கட்டுக் கட்ட முடியாது. அக்கா படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். எங்கள் நிதானம் தோற்றார்.

பிப்ரவரி 10, திங்கள்

மனுவைப் பதிவு செய்து போக்குவரத்துப் பிரிவுக்கு அனுப்பியாயிற்று.

பிப்ரவரி 20, வியாழன்

அறிவிப்பு போயிற்று. பதினான்கு வரி. பூங்காச் சாலைக் குழி இன்னும் மூடவில்லை. தலைவலி.

மார்ச் 3, திங்கள்

அந்த ஓட்டுநரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்திருக்கிறார்கள். மாற்று ஆள் போட்டு, பாலத்தைத் தாண்டிப் போகச் சொல்லி வாய்மொழி உத்தரவு. அக்கா போனில் சிரித்த சிரிப்பில் காது அடைத்துவிட்டது. "எழுதினா இப்படி எழுதணும்! பாலத்து முனையில ஏறினேன், ஆஸ்பத்திரி வாசல்ல இறங்கினேன்." எனக்கும் மகிழ்ச்சிதான். என் எழுத்துக்கு ஒரு பலன் கிடைத்து எத்தனை நாளாகிறது!

மார்ச் 13, வியாழன்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மூன்று மணிக்கு ஒருவர் என் மேசைக்கு வந்தார். ஒல்லியான ஆள். வேலையில் இல்லாதபோதும் சீருடைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார். வழித்தடம் 4 ஓட்டுநர் என்று சொல்லிக்கொண்டார். மனு எழுதியவள் நான் என்று தெரிந்து வந்துவிட்டாரோ என்று ஒரு கணம் திக்கென்றது. அதற்கு வரவில்லை.

"ஒரு பழைய அறிவிப்பு வேணும் மேடம். வெள்ளிக்கிழமையானா டிப்போல ஒட்டுவாங்க, பழசைக் கிழிச்சுப் போட்டுடுவாங்க. ஓடைப் பாலம் மூடியிருக்கு, மாத்துப் பாதையில போகணும்னு வாராவாரம் அதுல இருந்துச்சு. திறந்தாச்சுன்னு ஜனங்க சொன்னாங்கதான். டிப்போல போய்க் கேட்டேன். பேப்பர்ல என்ன இருக்கோ அதைச் செய்னாங்க. இப்ப நாங்க அப்படிச் சொல்லவே இல்லங்கறாங்க."

அப்படி ஒரு வரி இருந்திருக்கவே முடியாது என்று நினைத்தேன். எவ்வளவு துணிச்சலாகப் புளுகுகிறார் என்று கூட நினைத்தேன். எதிரே திரையில் இந்த வார அறிவிப்பு திறந்திருந்தது. கண் தானாகப் போயிற்று. ஐந்தாவது வரி.

ஓடைப் பாலம் மூடப்பட்டுள்ளது. மாற்றுப் பாதையில் செல்லவும்.

"ஆபீஸ் நகல் வெளியில தர முடியாதுங்க. விசாரணை அதிகாரி கேட்டா அனுப்புவோம்" என்றேன்.

"சரிங்க மேடம்." எழுந்தார். "எனக்குத் தெரியும், அவங்க கேட்டா இங்கேருந்து சரியா வந்துடும். ஒரு வரி விடாம படிக்கிறவன் நான். அதுல தப்பே இருக்காது."

அவர் போன பிறகு கோப்பை எடுத்தேன். பொறியியல் பிரிவுச் சீட்டு வந்திருக்கிறது. டிசம்பர் 18. 'ஓடைப் பாலப் பணி முடிந்தது. போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது.' அதன் அடியில் 'பார்த்தேன்'. என் சுருக்கொப்பம்.

என்னத்தைப் பார்த்தேன்? பன்னிரண்டு வாரம் அந்த வரி போயிருக்கிறது. மூடிய பாலத்தின் மேல் நானே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு போய், கைப்பிடியின் அழகைப் பார்த்துவிட்டு வந்து, மறுபடி மூடப்பட்டுள்ளது என்று அனுப்பியிருக்கிறேன். ஊரில் யாரும் அதைப் படிப்பதில்லை என்று நான்தான் சொல்லித் திரிவேன். ஒரே ஒரு ஆள் படித்திருக்கிறார். படித்தபடி நடந்திருக்கிறார்.

இந்த வாரத் தாளிலிருந்து வரியை எடுத்தேன். பதின்மூன்று வரி.

மார்ச் 14, வெள்ளி

நிதானத்திடம் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மேசையில் ஏற்கெனவே விசாரணை அதிகாரியின் கடிதம் இருந்தது: டிசம்பர் முதல் வெளியான எல்லா அறிவிப்புகளின் அலுவலக நகலும் வேண்டும், விசாரணை 26ஆம் தேதி.

கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "நிதானமா கேளும்மா. கம்ப்யூட்டர்லதானே இருக்கு? அந்த வரியை மட்டும் எடுத்துட்டு மறுபடி பிரிண்ட் போடு. கையெழுத்து நான் போட்டுத் தரேன். எனக்கு ரிட்டையர்மென்ட்டுக்குப் பதினாலு மாசம். உனக்கு ஏப்ரல்ல கண்காணிப்பாளர் ப்ரமோஷன் லிஸ்ட் வருது. அந்தாளு டெம்பரரிதான், வேற எங்கயாவது ஓட்டிப் பொழைச்சுக்குவான்."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. இதை எழுதி வைத்துக்கொள்கிறேன், பின்னால் இதை மறந்துபோவது எனக்கு வசதியாக இருக்கும் என்பதால்.

மார்ச் 17, திங்கள்

செய்துவிட்டேன். பன்னிரண்டு தாளிலும் ஐந்தாவது வரியை எடுத்து, வரிசை எண்களை மாற்றி, அச்செடுத்தேன். இருபது நிமிட வேலை. நிதானம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பன்னிரண்டையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் படித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

புதியவை உறையில், என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. பழையதைக் கிழித்துவிடச் சொன்னார். பையில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். "பையில என்ன?" என்றார் வீட்டுக்காரர். "பழைய பேப்பர்" என்றேன். பொய்யில்லை.

மார்ச் 18, செவ்வாய்

கிழிக்கவில்லை. உறையையும் அனுப்பவில்லை.

மார்ச் 20, வியாழன்

இந்த வார அறிவிப்பை மூன்று முறை படித்தேன். அதுவும் போதாமல் சாப்பாட்டு இடைவேளையில் பூங்காச் சாலைக்குப் போய், குழி உண்மையாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். இருக்கிறது. நிதானம் இரண்டு முறை "அனுப்பிட்டியா?" என்று கேட்டார். "நாளைக்கு சார்."

மார்ச் 22, சனி

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கிற வரை மடிப்பதை நிறுத்தவில்லை.

"மனுவ எழுதினது நீ."

"ஆமா."

"பாலம் மூடியிருக்குன்னு எழுதினதும் நீ."

"ஆமா."

சிரித்தாள். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. "நடுரோட்ல அவரை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டேன்டி. அன்னிக்கு அவரோட பொண்ணு வண்டியில இருந்துச்சு. பள்ளிக்கூடத்துக்கு அதுலதான் போகும் போல. அப்பனைப் பார்க்காம ஜன்னலுக்கு வெளியவே பார்த்துக்கிட்டிருந்துச்சு." போன மாதம் வரை அவன், இவன் என்று பேசியவள். எப்போது 'அவர்' ஆனார் என்று அவளுக்கே தெரியாது.

கண்காணிப்பாளர் பட்டியல் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஓ. உன் பதவிக்காக என் முட்டியக் காட்டி அந்த மனுஷனை அடிக்கணுமா? நல்லாருக்கே!" என்றாள். தேநீர் கூடத் தரவில்லை. பாலத்தில் திரும்பி வரும்போது அழுதேன். அவமானமாக இருந்தது, அக்கா திட்டியதால் இல்லை, ஐந்து நாளாக அந்த உறையை இழுப்பறையில் வைத்துக்கொண்டிருந்ததால்.

மார்ச் 24, திங்கள்

பழைய தாள்கள் பன்னிரண்டையும், டிசம்பர் சீட்டின் நகலையும், என் கைப்பட ஒரு பக்கக் கடிதத்தையும் விசாரணைப் பிரிவில் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். 'சீட்டைப் பெற்ற பின்னும் வரியை நீக்கத் தவறியது என் பிழை.' இவ்வளவு சின்ன வாக்கியம் எழுத இத்தனை நேரமா? புதிய தாள்களைக் கிழித்தேன்.

அதன் பிறகுதான் நிதானத்திடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நிதானமா யோசிச்சிருக்கலாம்."

"யோசிச்சேன் சார். பத்து நாள்."

கடிதத்தில் அவர் சொன்னதைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அது பெருந்தன்மையா, பயமா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம்.

மார்ச் 26, புதன்

விசாரணை. கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சீட்டில் இருப்பது உங்கள் ஒப்பமா? ஆம். அதன் பிறகும் அறிவிப்பில் வரி தொடர்ந்ததா? ஆம். யாராவது தொடரச் சொன்னார்களா? இல்லை, மறந்துவிட்டேன்.

ஓட்டுநர் எதிர் பெஞ்சில் இருந்தார். கடைசிப் பதிலுக்கு நிமிர்ந்து பார்த்தார். வெளியே வரும்போது, "நீங்களா மேடம்?" என்றார். அவ்வளவுதான். அன்றைக்கு என் மேசைக்கு வந்து நின்றதை நினைத்துக்கொண்டிருப்பார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் படியிறங்கிவிட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

நகராட்சியின் முதல் திருத்தம், முதல் வரியாகவே போட்டேன். 'ஓடைப் பாலம் டிசம்பர் 18 முதல் திறந்துள்ளது. முந்தைய அறிவிப்புகளில் மூடப்பட்டுள்ளதாகக் குறிப்பிட்டது தவறு. இதனால் பயணிகளுக்கும் ஓட்டுநருக்கும் நேர்ந்த இடருக்கு வருந்துகிறோம்.' நிதானம் 'ஓட்டுநருக்கும்' என்பதை அடித்துவிட்டார். இப்போதெல்லாம் அவர் படிக்கிறார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. கூடவே ஒரு மெமோவும், தபால் பிரிவுக்கு மாற்றமும். எதிர்பார்த்ததுதான். புதிதாக அறிவிப்பு வேலைக்கு வந்த பெண்ணிடம், போன வாரத் தாளைத் தொடாதே, வெறுந்தாளில் தொடங்கு என்றேன். நன்றாகத் தலையாட்டிவிட்டு, போன வாரத் தாளைத் திறந்தாள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

உறை, தபால் தலை, உறை.

ஏப்ரல் 29, செவ்வாய்

அனுப்ப வேண்டிய தபால் கட்டுக்குள் ஓர் உத்தரவு இருந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. ஓட்டுநர் மே 5 முதல் அதே வழித்தடத்தில் பணியில் சேரலாம். முகவரியை நான்தான் எழுதினேன். எங்கள் தெருவிலிருந்து நாலு தெரு தள்ளித்தான் அவர் வீடு. நானே கொண்டுபோய்க் கொடுக்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். பதிவுத் தபாலில்தான் போயிற்று.

மே 5, திங்கள்

ஒரு மாதத்துக்கும் மேலாகச் சரியாகப் பேசாமல் இருந்த அக்கா, ஏழரைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள்.

"இன்னிக்கு அவர்தான் வந்தார். ஏறலாமா வேண்டாமான்னு நின்னேன். கதவத் திறந்து வெச்சுக்கிட்டு அவர் பாட்டுக்கு நின்னார். ஏறினேன். 'அன்னிக்குப் பேசினது தப்புங்க'ன்னேன். தலையை மட்டும் ஆட்டினார். முட்டியோட நான் மெதுவா போய், கம்பியப் பிடிச்சு, சீட்டுல உக்கார்ற வரைக்கும் வண்டிய எடுக்கல. கண்ணாடில பார்த்துட்டு அப்புறம்தான் எடுத்தார்."

பின்னால் சலவை இயந்திரங்கள் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாரா?" என்றேன்.

"இல்ல" என்றாள் அக்கா.