நீ பார்த்தது லீவு ஊர்

தாயில்பட்டி,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தம்பி கதிரவனுக்கு,

அக்கா பொன்மணி எழுதுவது. அம்மா, உன் மச்சான், ஓவியா எல்லோரும் சுகம். உன் சுகத்தைக் கேட்க இப்போது எனக்கு மனசில்லை, அவ்வளவு கோபத்தில் இருக்கிறேன். போனிலேயே திட்டலாம்தான். ஆனால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று சிரிப்பாய், பக்கத்தில் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள், பாதியில் எனக்கு அழுகை வந்துவிடும். அழுதுவிட்டால் கோபத்துக்கு மரியாதை கிடையாது. அதனால்தான் ஓவியாவின் ரஃப் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். சிரிக்காமல் படி.

நீ இங்கே குடிவரக் கூடாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எந்த ஊரில் இருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று உன் கம்பெனியில் சொன்னார்கள். உடனே நீயும் உன் சிநேகிதன் செழியனும் சென்னையிலிருந்து கிளம்பி ஊர் ஊராகச் சுற்றினீர்கள். மைசூர் நல்ல குளிர்ச்சி, ஆனால் பாஷை இடிக்கிறது என்றாய். பாண்டிச்சேரியில் வாடகை அதிகம் என்றாய். நாகர்கோவிலில் தண்ணீரும் நன்றாக இருக்கிறது, ஆள்களும் தன்மையானவர்கள் என்றாய். ஒவ்வோர் ஊரிலும் நின்று எனக்குப் போன் போட்டாய். நானும் ஆசை ஆசையாகக் கேட்டேன். கடைசியில் போன வாரம் அம்மாவிடம் என்ன சொன்னாய்? எங்கே சுற்றினாலும் நம்ம ஊர் போல வராது, இங்கே மனுசர்கள் நின்று பேசுகிறார்கள், யாருக்கும் அவசரமில்லை, நிம்மதியான ஊர், தை பிறந்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறாய். வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொள்கிறவனை இப்போதுதான் பார்க்கிறேன்.

எந்த ஊரைச் சொல்கிறாய் நீ? ஆறாம் வகுப்பிலிருந்து உனக்கு மதுரை ஹாஸ்டல். மே மாதம் மல்லாங்கிணற்றில் பெரியம்மா வீடு. தீபாவளிக்கு மட்டும் இங்கே வருவாய். வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். நீ வருகிற போதெல்லாம் பட்டாசுக் கம்பெனிகளுக்குப் பூட்டு. போனஸ் வாங்கியாயிற்று, வேலை இல்லை, வெளியே மழை தூறுகிறது. டீக்கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசாமல் வேறு என்ன செய்வார்கள்? நீ பார்த்தது லீவு ஊர். வருஷத்தில் கொஞ்ச நாள்தான் அந்த ஊர் இங்கே இருக்கும்.

உன்னிடம் எல்லோரும் நின்று பேசியதற்குக் காரணம் சொல்லட்டுமா? அந்த நாள்களில் எங்கேயும் வெடிக்காது. வெடிமருந்தைத் தொடுகிறவர் யாருமில்லை. காலையில் போனவர் சாயங்காலம் வருவாரா என்று நினைக்க வேண்டியதில்லை. நீ நிம்மதி என்று சொன்னாயே, அது இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை பூஜை போட்டுக் கம்பெனிகளைத் திறக்கிறார்கள். அப்புறம் வந்து பார். விடிவதற்கு முன்னால் தெருமுனையில் கம்பெனி வேன் ஹாரன் அடிக்கும். போன தடவை உன்னை விடாமல் பிடித்துவைத்துப் பேசிய மாரீஸ்வரன், வேனில் ஏறுகிற அவசரத்தில் உன் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டான்.

ஆனி மாதம் நான் வேலை பார்க்கிற கம்பெனிக்குப் பக்கத்துக் கம்பெனியில் வெடித்ததை உனக்குச் சரியாகச் சொல்லவில்லை. எங்களுக்கு ஒன்றுமில்லை என்று அம்மா முடித்துவிட்டாள். இப்போது கேள். செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாசலில் வாட்ச்மேன் சங்கிலிமுத்து அண்ணனிடம் கொடுத்தால் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டு வைப்பார். அன்றைக்குச் சத்தம் கேட்டதும் எல்லோரும் பின்பக்கமாகக் கருவேலங்காட்டுக்குள் ஓடினோம். சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தால், கூடையில் இருந்த போனெல்லாம் ஒரே நேரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தேடி என் போனை எடுத்தேன். டீச்சர் போனிலிருந்து ஓவியா. "அம்மா, நீ எந்த ரூம்ல இருக்க?" என்று கேட்டாள். நல்லாயிருக்கேன்டி என்று சொன்னால் நம்பவில்லை. திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். வெடித்தால் எந்த ரூம் என்றுதான் இங்கே பெரியவர்கள் முதலில் கேட்பார்கள்; ஒன்பது வயசுப் பிள்ளை கேட்கிற கேள்வியா அது?

பக்கத்துக் கம்பெனி வாசலிலும் அதே மாதிரி ஒரு கூடை. அது இருட்டுகிற வரைக்கும் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வாசல் வழியாகத்தான் எங்கள் வேன் தினமும் போகிறது.

உன் மச்சான் மருந்து கலக்கிற அறையில் இருக்கிறார், உனக்குத் தெரியும். அன்றையிலிருந்து வேறு ஊருக்குப் போய்விடுவோம் என்று அவரைக் கரைத்துக்கொண்டே இருந்தேன். முகம் தெரியாத ஊரில் போய் நிற்க அவருக்குக் கௌரவம் இடிக்கும். ஆடி கழிந்துதான் வாயைத் திறந்தார். "மாப்ள ஒரு ஊருல கால ஊனட்டும் புள்ள, பின்னாடியே நாமளும் போவோம்" என்றார். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? நாகர்கோவிலில் தையல் கம்பெனி இருக்கிறதா, பள்ளிக்கூடம் பக்கமா, லோடு ஏற்றுகிற வேலைக்கு ஆள் எடுப்பார்களா என்று உன்னைத் துளைத்தேனே, எதற்கு? உனக்குச் சட்டை தைத்துப் போடவா? நீ உனக்கு ஊர் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் எங்களுக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைக்கூடவா உடைத்துச் சொல்ல வேண்டும், படித்த மடையா!

இப்போது அவர் என்ன சொல்கிறார், கேள். "படிச்ச புள்ளயே ஊரு ஊராச் சுத்திப் பாத்துட்டு, இங்கனதான் நல்லாருக்குன்னு வருது. நீ எங்கன கெளம்புற?" என்கிறார். என் வாயை நீ அடைத்துவிட்டாய். நீ வந்து மாடி அறையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் தட்டுவாய். உனக்கு ஒன்றும் ஆகாது. அதை நினைத்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மா உன் அறைக்கு வெள்ளையடித்துவிட்டாள். "எம்புள்ள வாரான்லா" என்று பக்கத்து வீட்டுச் சுப்புலட்சுமி அத்தையிடம் ஆரம்பித்து, ரேஷன் கடை வரிசை வரைக்கும் சொல்லியாயிற்று. அவள் சந்தோஷத்தைக் கெடுத்த பாவம் என் தலையில் விழட்டும். போகிற இடத்துக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவோம். கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள், அப்புறம் அங்கேயும் ஒரு சுப்புலட்சுமியைப் பிடித்துவிடுவாள்.

போனில் நீ, நாகர்கோவிலில் ஒரு வீடு பார்த்தேன், கிணறு இருக்கிறது, இன்னொரு அறை சும்மா கிடக்கிறது, எனக்கு எதற்கு அவ்வளவு பெரிய வீடு என்று சொன்னாயே. இந்தக் கடிதம் கைக்கு வந்ததுமே அந்த வீட்டுக்காரரிடம் பேசு. பேசிவிட்டு மச்சானுக்கு நீயே போன் போடு. நீங்கள் வந்தால்தான் எனக்குத் துணை, தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று சொல். பொய்தான், சொல். நான் எழுதியதாக மூச்சு விடாதே. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சொல்ல வேண்டும். கம்பெனி திறந்து முன்பணம் வாங்கிவிட்டார் என்றால் அடுத்த தீபாவளி வரை மனுசன் அசைய மாட்டார். கூரியரில் போடுகிறேன், செவ்வாய்க்கிழமை உன் கைக்கு வந்துவிடும்.

மாரியம்மன் புண்ணியத்தில் நீ எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருப்பாய். இந்த ஊர் மட்டும் வேண்டாம், தம்பி. வேளாவேளைக்குச் சாப்பிடு.

கோபம் இன்னும் தீராத
உன் அக்கா,
பொன்மணி.

பி.கு.: ஓவியா ஒன்று கேட்கச் சொன்னாள். நாகர்கோவில் தையல் கம்பெனியில் அம்மாமார் செல்போனை உள்ளே வைத்துக்கொள்ள விடுவார்களா என்று. விசாரித்துச் சொல்.