பிரிஜா ஸ்டோர்ஸ்

தேங்காய்ப்பட்டணம்
10.02.2025

திரு. ரெனிஷ் அவர்களுக்கு,

பெபிஷா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். உங்கள் நம்பரை நான் பிளாக் செய்து வைத்திருக்கிறேன், அதை இப்போதும் எடுக்கவில்லை. நகராட்சிக்கு உங்கள் கையெழுத்து அசலாக வேண்டுமாம். அதற்குத் தபாலை விட்டால் வழியில்லை.

ரோட்டைப் பார்த்த முன்னறையில் ஒரு பலகாரக் கடை போட்டிருக்கிறேன். முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, கல்யாண வீடுகளுக்கு அதிரசம். "பிரிஜா பலகாரக் கடை" என்று பிளெக்ஸ் அடித்து வாசலுக்கு மேலே கட்டியிருந்தேன். போர்டு வைக்க அனுமதி வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. போன வாரம் நகராட்சி ஆட்கள் வந்து கயிற்றை அறுத்து, மடக்கி, குப்பை டிராக்டரில் போட்டுக்கொண்டு போனார்கள். பெயர் இருந்த பக்கம் மேலே தெரிந்தது. வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

இனி முறைப்படி வாங்கலாம் என்று ஆபீசுக்குப் போனேன். அங்கே குமாரதாஸ் என்று ஒருவர், நல்ல மாதிரி. காகிதங்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் இருக்கு மக்களே. கட்டட உரிமையாளருக்க சம்மதம் மட்டும் இல்ல. அது இல்லாம ஒண்ணும் நகராது கேட்டியா" என்றார். கட்டடம் உங்கள் பெயரில். நான் அதில் குடியிருப்பது, நாம் பிரிந்தபோது பங்குச்சாமி முன்னால் நீங்கள் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி.

பெயரை மாற்றி வேறு ஏதாவது வைத்தால் என்ன என்று லிஜின் அண்ணன்கூடக் கேட்டான். நம் பிள்ளை போன மறுமாதம் ரேஷன் கார்டில் அவள் பெயரை நீக்க வேண்டியிருந்தது. உங்களைக் கூப்பிட்டேன். "எனக்கு வேலை கெடக்கு. நீயே போய் வெட்டிட்டு வா" என்றீர்கள். நானேதான் போனேன். ஒரு பையன் கம்ப்யூட்டரில் ஒரு தட்டு தட்டினான், அவ்வளவுதான். ஒரு ஆபீசில் போய் அவள் பெயரை வெட்டிவிட்டு வந்தவள், இன்னொரு ஆபீசில் போய் அதை எழுதி வாங்க ஆசைப்படுகிறேன். வேறு எதையும் உங்களிடம் கேட்க மாட்டேன்.

சம்மதக் கடிதத்தின் மாதிரியை இதோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும்.

பெபிஷா


நீண்டகரை, கொல்லம்
03.03.2025

பெபிஷாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் இருக்கிறேனா செத்தேனா என்று ஒரு வரி இல்லை. கையெழுத்துக்கு மட்டும் ரெனிஷ் வேண்டும். இருக்கட்டும். ஹார்பரில் ஐஸ் கம்பெனி வேலை நன்றாகப் போகிறது, நீ கேட்காவிட்டாலும் சொல்லி வைக்கிறேன்.

கடைக்குப் பிள்ளை பெயர் வைப்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டாயா. அது உன் வீட்டுப் பெயர் அல்ல. என் அம்மை பிரிஜித்தம்மாளின் பெயர். தலைமகளுக்கு அப்பனைப் பெற்றவளின் பெயர் என்பது நம் கடற்கரையில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். அந்தப் பெயரை முறுக்கு விற்க எடுத்துக்கொண்டால் எனக்குச் சுடாதா.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படாதே. காய்ச்சலில் கிடந்த பிள்ளையைத் திருவிழாத் தேர் பார்க்கப் பனியில் கொண்டுபோன நீ, இன்றைக்கு அவள் பெயரைத் தூக்கிப் பிடிக்கிறாய். ஊர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

கையெழுத்து பற்றி யோசித்துச் சொல்கிறேன். அவசரம் உனக்குத்தானே.

ரெனிஷ்


தேங்காய்ப்பட்டணம்
11.03.2025

ரெனிஷ் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று கடை திறக்கவில்லை. மறுநாள் திறந்தேன். கல்யாண ஆர்டர் இருந்தது.

தேர் பார்க்க வேண்டும் என்று அழுதவள் அவள். "ஒரு சுத்து பாத்துட்டு வந்துருவோம்டி" என்று சொல்லி அவளைத் தோளில் தூக்கியது நீங்கள். நான் கம்பளியை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தேன். விவாகரத்துக் கேஸில் வக்கீல் கேட்டபோதும் இதை நான் சொல்லவில்லை. பிள்ளையை இழந்த மனுசன், ஒரு பழியை என்மேல் போட்டால் கொஞ்சம் தூங்குவார் என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்வதும் சண்டைக்காக அல்ல. நீங்கள் மறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொன்னேன்.

வழக்கம் எனக்கும் தெரியும். உங்கள் அம்மை பெயர்தான். ஞானஸ்நானத்தில் அந்தப் பெயரைச் சொன்னபோது என் கையில்தான் பிள்ளை இருந்தாள். போர்டில் உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி எழுதுகிறேன். பெயர் மட்டும் இருக்கட்டும். மற்றது எதுவானாலும் சரி. இதற்குமேல் கெஞ்ச எனக்குத் தெரியாது.

பெபிஷா


நீண்டகரை, கொல்லம்
22.04.2025

அன்புள்ள பெபிஷா,

ஈஸ்டர் நல்லபடியாகக் கழிந்ததா. உன் கடிதம் மனதை என்னவோ செய்துவிட்டது. நீயும் நானும் எவ்வளவு நாள்தான் இப்படியே இருப்பது. பெயர் ரோட்டில் நிற்கட்டும். எனக்குச் சம்மதம்.

ஆனால் செய்வதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். "பலகாரக் கடை" என்று எழுதாதே, சின்னதாகப் போய்விடும். "பிரிஜா ஸ்டோர்ஸ்" என்று எழுது. நாளைக்கு எது விற்றாலும் பொருந்தும். பிளெக்ஸ் வேண்டாம், ஒரு மழைக்குக் கிழியும். போர்டு எழுதும் நம் நேசையனிடம் சொல்லி எழுத்துகளைத் துருப்பிடிக்காத ஸ்டீலில் தனித்தனியாக வெட்டி, சுவரில் போல்ட் இறக்கி முடுக்கச் சொல். கடல்காற்றுக்கு அதுதான் நிற்கும். சுலபத்தில் கழற்ற முடியாதபடி இருக்கட்டும்.

விண்ணப்பத்தை என் பெயரிலேயே போடு. வரி ரசீது என் பெயரில் இருக்கும்போது உன் பெயரில் போட்டால் சும்மா அலையவிடுவார்கள். கையெழுத்துப் போட்ட விண்ணப்பம், சம்மதக் கடிதம், உன்னைக் கொண்டு கொடுக்கச் சொல்லி ஒரு அதிகாரக் கடிதம், எல்லாம் இதோடு இருக்கிறது. எனக்கு இங்கிருந்து வந்து போக நேரமில்லை. நீதான் அலைய வேண்டும். உனக்குப் பொறுமை உண்டு, அதை நான் எப்போதும் சொல்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
ரெனிஷ்


தேங்காய்ப்பட்டணம்
15.09.2025

பிரிஜாவின் அப்பாவுக்கு,

போர்டு ஏறிவிட்டது. எங்கிருந்து சொல்லத் தொடங்குவது என்று தெரியவில்லை.

நீங்கள் அனுப்பிய காகிதங்களைப் பார்த்ததும் குமாரதாஸ், "இனி வழிக்கு வந்தாச்சு" என்றார். எங்கே வந்தது. முகப்பின் போட்டோ கேட்டார்கள், எடுத்துக் கொடுத்தேன். சுவர் தாங்கும் என்று என்ஜினியர் எழுதித் தர வேண்டும் என்றார்கள். அவர் வந்து சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, மழை நிற்கட்டும் என்று போனவர், மழை நின்ற பிறகும் நான் வீடு தேடிப் போனபோதுதான் எழுதினார். ரோட்டுக்கு நீட்டிக்கொண்டு நிற்காது என்று நெடுஞ்சாலை ஆட்கள் டேப் பிடித்து அளந்தார்கள். வண்டிக்காரர்கள் கண்ணில் வெளிச்சம் அடிக்காது என்று போலீசில் ஒரு கடிதம். எல்லாம் முடிந்தது என்று போனால், போர்டின் வரைபடத்தில் இங்கிலீஷ் எழுத்து தமிழ் அளவுக்கு இருக்கிறது, தமிழ்தான் மேலேயும் பெரிதாகவும் வர வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தார்கள். நேசையன் உட்கார்ந்து மறுபடியும் வரைந்தார். எனக்கு அது நல்லதாகவே பட்டது. அவளுக்குத் தமிழில்தான் பெயர் எழுதத் தெரியும்.

ஒரு நாள் குமாரதாஸ், "பிரிஜாங்கியது யாரு, நீயா?" என்று கேட்டார். மகள் என்றேன். "எத்தனாம் கிளாஸ் படிக்கா?" என்றார். ஒன்றாம் வகுப்பு என்று சொல்லிவிட்டேன். பொய்தான். அந்த ஒரு நிமிடம் சுகமாக இருந்தது, அதனால் திருத்தவில்லை.

அவள் பிறந்தநாளன்று, மாதா பிறப்புத் திருநாளில், மாட்டினோம். நேசையன் ஒவ்வொரு எழுத்தாக ஏற்றி முடுக்கினார். "புயலு வந்தாலும் இது எளகாது, ஏட்டி" என்றார். பள்ளிக்கூடம் விட்டுப் போன பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். ஏறக்குறைய நாலு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை யாரோ சத்தமாகச் சொல்லிக் கேட்டேன்.

உங்கள்மேல் எனக்கு இருந்த கசப்பில் பாதி அன்றே போய்விட்டது. உங்கள் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். ஒருமுறை வந்து பாருங்கள். கட்டாயம் வர வேண்டும். சாப்பாடு வைப்பேன்.

அன்புடன்
பெபிஷா


நீண்டகரை, கொல்லம்
16.10.2025

பெபிஷாவுக்கு,

போனில் சொன்னால் நீ அழுவாய், லிஜின் சண்டைக்கு வருவான். அதனால் எழுதுகிறேன். பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், நாளைக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லக் கூடாது.

போன வாரம் காரில் வந்து எதிர்ப்பக்கம் நிறுத்தி போர்டைப் பார்த்தோம். இறங்கவில்லை. அழகாகச் செய்திருக்கிறாய். என்னுடன் ஷிபாவும் பிள்ளையும் இருந்தார்கள். கோர்ட்டில் நம் காரியம் முடிந்த பிறகு நான் ஷிபாவை ரிஜிஸ்டர் செய்துகொண்டேன். பெண் பிள்ளை. ஒரு வயது கழிந்துவிட்டது. பெயர் பிரிஜா. என் அம்மை பெயரை வேறு யாருக்கு வைப்பேன். முதலில் ஷிபா தயங்கினாள், செத்த பிள்ளையின் பெயர் ஆச்சே என்றாள். செத்தவளுக்கு இனி பெயர் எதற்கு என்று கேட்டேன், சம்மதித்துவிட்டாள். போர்டைப் பார்த்து பிள்ளை கை கொட்டிச் சிரித்தாள்.

டிசம்பரில் நாங்கள் ஊருக்கு வந்துவிடுகிறோம். கடையை ஷிபா பார்த்துக்கொள்வாள். அனுமதி என் பெயரில் இருப்பதால் மறுபடி அலைய வேண்டியதில்லை. நவம்பர் கடைசிக்குள் நீ பின்னறையையும் முன்னறையையும் ஒழித்துத் தர வேண்டும். பங்குச்சாமி முன்னால் சொன்னது, வசதிப்படும்வரை இரு என்றுதான். எழுத்தில் எதுவும் இல்லை. அடுப்பையும் அச்சுகளையும் நீ எடுத்துக்கொள்ளலாம். போர்டை மட்டும் தொடாதே.

நீ அலைந்ததற்கு நன்றி. நானாக இருந்தால் பாதியில் விட்டிருப்பேன்.

பிரிஜாவின் அப்பா
ரெனிஷ்


நெய்யூர்
03.11.2025

ரெனிஷுக்கு,

அறைகளை ஒழித்து, சாவியைப் பங்குச்சாமியிடம் கொடுத்துவிட்டேன். நான் லிஜின் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். உங்களுக்குக் கல்யாணம் ஆனதும் பிள்ளை பிறந்ததும் ஊரில் பலருக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணனுக்கும் தெரியும். நான் போர்டுக்காகச் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து யாருக்கும் சொல்ல வாய் வரவில்லையாம்.

உங்கள் கடிதத்தோடு குமாரதாஸிடம்தான் முதலில் போனேன். அனுமதியை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டேன். "போர்ட எறக்கணும், பெயர மாத்தணும்னா, அனுமதி வாங்குனவரு நேர்ல வந்து எழுதித் தரணும். நீ தந்தா எடுக்க மாட்டோம்" என்றார். எழுத்தின் அளவு மாறாமல் காலியான இடத்தில் ஏதாவது சேர்த்தால் என்று கேட்டேன். அதற்குத் தடை இல்லை என்றார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பற்றிய உண்மையையும் அன்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, என் காகிதங்களை அடுக்கித் திருப்பித் தந்தார்.

நேற்று கல்லறைத் திருநாள். வருடாவருடம் நேசையன்தான் கல்லறைகளில் மங்கிப்போன பெயர்களுக்கு மை பூசுவார் என்பது உங்களுக்குத் தெரியும். நம் பிள்ளையின் கல்லில் பூசி முடித்ததும் அதே மையோடு அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெயருக்கு மேலே ஒரு குருசு. பெயருக்குக் கீழே, கல்லில் இருப்பது போலவே, பிறப்பு 08.09.2015, இறப்பு 12.12.2021. உங்கள் போர்டை நான் தொடவில்லை. நேசையன்தான் எழுதினார்.

உங்கள் குழந்தைமேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் நன்றாக இருக்கட்டும். அவள் எழுத்துக்கூட்டத் தொடங்கும்போது தன் பெயருக்குக் கீழே இதைத்தான் வாசிப்பாள். இது கொடுமை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

அழிக்கவோ இறக்கவோ ஆள் தேடினால் கிடைக்காது. "செத்த பிள்ளைக்கு நான் எழுதுன பெயரு, குருசும் வச்சாச்சு. இனி அதுல கை வைக்க மாட்டேன், அவன் எவ்வளவு தந்தாலும்" என்று நேசையன் சொல்லிவிட்டார். அந்த ரோட்டில் வேறு எவரும் தொட மாட்டார்கள். சுலபத்தில் கழற்ற முடியாதபடி முடுக்கச் சொன்னது நீங்கள். ஏணி பின்னறையில் இருக்கிறது, ஸ்பேனரை அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

எனக்குக் கல்யாண வீட்டு வேலை கிடக்கிறது. இந்த முறை நீங்களே போய் வெட்டிவிட்டு வாருங்கள்.

பெபிஷா