‘வீட்டில் பேசியவர்’

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. குர்லாவில் தண்டவாளத்தில் தண்ணீர், வண்டி தாமதம். குடைக் கம்பி உடைந்தது.

ஏழாம் வகுப்பில் முத்துச்செல்வி இன்றும் இல்லை. எத்தனை நாளாக? வராத பிள்ளைகளைக் குறிக்கும் பொது நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று ஆசிரியர்கள், அதே நாற்பது பிள்ளைகள், ஒரே நோட்டு. இப்படிச் செய்தால் ஒரு பிள்ளையும் தவறிப்போகாது என்று போன வருடம் தலைமையாசிரியையிடம் வாதாடியவள் நான்தான்.

பதினோரு நாள். ‘வீட்டில் பேசியவர்’ கட்டத்தில் முதல் வாரம் நான் எழுதியிருப்பது ‘ஜெ.’ கணக்கு ஆசிரியர் ஜெபராஜ் சாருக்கு அவள் வீடு அடுத்த சந்து, பேசியிருப்பார் என்று நானாகப் போட்டது. அடுத்த வாரம் அவர் எழுதியிருப்பது ‘ச.’, அதாவது நான்.

ஜெ. சார்: “பொம்பளப் புள்ள விஷயம்லா டீச்சர், நீங்க பேசிருப்பியன்னு போட்டேன்.”

இந்தி சுனந்தா டீச்சர்: “ரெண்டு பேர் போட்டிருக்கு, காம் ஹோ கயா, வேலை முடிஞ்சுதுன்னு விட்டுட்டேன்.”

ஒருவரும் அவள் வீட்டில் பேசவில்லை.

ஜூலை 9, புதன்

தூறல். பள்ளி முடிந்து ஜெ. சாருடன் அவள் வீடு. அம்மா தோல் பைக்குக் கைப்பிடி தைத்துக்கொண்டிருந்தாள்.

“தையலுக்குத் தொணையா நாலு நாள் நிறுத்துனோம், ஒருத்தரும் கேட்டு வரல. பேர வெட்டிட்டியளோன்னு நெனச்சோம். நாளைக்கி ஊருக்கு டிக்கெட் எடுத்தாச்சு. அவ அத்தைக்கு ரெட்டப் புள்ள, பாக்க ஆளில்ல.”

முத்துச்செல்வி பரணிலிருந்து இறங்கி வந்து நோட்டைக் காட்டினாள். தினமும் தோழியிடம் வாங்கி எழுதியிருக்கிறாள், தேதி போட்டு. “ஒரு பாடம் விடல டீச்சர்.”

நோட்டையே புரட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா: “அவ அப்பாட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா கேக்க மாட்டாவ.”

சந்து முனையில் ஜெ. சார்: “பேசிருவோம் டீச்சர்.” நானும், “பேசிடுவோம்.”

செய்ய: குடை. பால். வினாத்தாள். அவள் அப்பா.

அவருக்கு இரண்டு முறை போன். ஸ்விட்ச் ஆஃப். ஜெ. சார் நேரில் போயிருப்பார். பக்கத்துச் சந்துதானே.

ஜூலை 10, வியாழன்

சார் போகவில்லை. “நீங்க போன் போட்டிருப்பியன்னுல்லா இருந்தேன்!”

அரைநாள் லீவு. ஊர் வண்டி புறப்படும் டெர்மினஸ் என் வீட்டுப் பக்கம்தான், திலக் நகர். அங்கே ஒலிபெருக்கியில் சொல்வது என் படுக்கைவரை கேட்கும். ஓடினேன். முழுக்க நனைந்து.

ஜன்னலில் அவள். “அப்பா, டீச்சர் வழியனுப்ப வந்திருக்காவ!” பெட்டி முழுக்கக் கேட்க. அவர் எழுந்து கும்பிட்டார்.

“அவளை இறக்கிவிடுங்கண்ணே. படிக்கட்டும்.”

“இப்பமா டீச்சர்?”

கோபமே இல்லை அந்தக் குரலில். திட்டியிருக்கலாம்.

வண்டி நகர்ந்தது. கம்பிக்கு வெளியே ஒரு கை, நோட்டு. “திருத்தி அனுப்புங்க டீச்சர்!”

ஜூலை 11, வெள்ளி

மழை இல்லை. வாராந்தரக் கூட்டம். அவள் பெயருக்கு நேரே என்ன போடுவது என்று சுனந்தா டீச்சர் கேட்டாள். யாரும் பேனாவைத் தொடவில்லை.

அவள் நோட்டு நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தாளாகப் பிரித்துத் திருத்தினேன். அத்தனை நாள் பாடத்திலும் பிழை இரண்டே. கடைசிப் பக்கத்தில் இன்றைய தேதியை முன்பே போட்டுக் கோடும் கிழித்து வைத்திருக்கிறாள்.

அதன் கீழே பாடம் இல்லை.