செய்தியில் வராத தீர்ப்பு

அரிப்பு, மன்னார்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள தம்பி ஜஸ்ரினுக்கு,

அக்கா அஞ்சலா எழுதுகிறேன். மாதாவின் துணையால் நானும் ஜெசிக்காவும் உயிரோடு இருக்கிறோம். நீயும் மதுஷிகாவும் பிள்ளைகளும் அந்தக் குளிரில் நோயில்லாமல் இருக்க மன்றாடுகிறேன். இராசேஸ்வரி ரீச்சர் தன் மகளைப் பார்க்கக் கனடா வருகிறா. அவவிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். தொலைபேசி என்றால் நான் குரலை உயர்த்தியதும் "லைன் சரியில்லை அக்கா" என்று வைத்துவிடுவாய். இதை முழுக்க வாசி.

வியாழக்கிழமை நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "அக்கா, அந்த வீடியோவை அழிக்கச் சொல்லுங்கோ. இஞ்ச எல்லாரும் கேக்கினம். எனக்கு வெக்கமாக் கிடக்கு" என்கிறாய். மீன் ஏலம் போடுகிற இடத்தில் உன் அக்கா நின்று கத்தியது உனக்கு வெட்கம். ஏன் கத்தினேன் என்று ஒரு வார்த்தை கேட்டாயா? நீ கேட்காவிட்டாலும் நான் சொல்லத்தான் போகிறேன்.

உன் அத்தான் பெனடிக்ற் செத்த அன்று நிருபர்களுக்குக் குறைவில்லை. நான் மணலில் விழுந்து கிடந்ததை முகத்துக்குக் கிட்ட வந்து படம் பிடித்தார்கள். அடுத்த நாள் பேப்பரில் வந்தது. நீ அங்கிருந்து நடத்துகிற மன்னார்ச் செய்தித் தளத்திலும் வந்தது. "கசிப்புத் தகராறு: மீனவர் அடித்துக் கொலை." நான் அழுதுகொண்டு உனக்கு எடுத்துச் சொன்னேன். "பொலிஸ் சொன்னதாம் அக்கா, பிறகு மாத்துறன்" என்றாய். கசிப்பென்ன, எந்தச் சாராயப் போத்தலையும் கையாலும் தொடாத மனிதன் அவர். அவர் கடலுக்குப் போன உழைப்பில் படித்தவன் நீ. இன்றுவரை அந்தத் தலைப்பு அப்படியே கிடக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைத் தேடி எடுத்து ஜெசிக்காவுக்குக் காட்டினார்கள், "கசிப்புக்காரன்ர மகள்" என்று. பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள்.

வழக்கு மேல் நீதிமன்றத்துக்கு வந்தபோது எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. உண்மை அங்கே வெளியே வரும், பிறகு எல்லோரும் வாசிப்பார்கள் என்று நினைத்தேன். உண்மை வந்ததடா தம்பி. கொண்டச்சியிலிருந்து கைருன்னிசா வந்து கூண்டில் ஏறினா. அன்று பக்கத்து மீன்வாடியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தவ அவதான். வரவேண்டாம் என்று வீட்டுக்கே ஆள் அனுப்பியும் வந்தா. "பெனடிக்ற் அண்ணன் வெறுங்கையோட நிண்டவர். வெடி போட்டு மீன் பிடிக்காதேங்கோ, குஞ்சு குருமானெல்லாம் சாகுது எண்டுதான் சொன்னவர். மில்ரன் இரும்புக் கம்பியால அடிச்சவர். விழுந்த பிறகும் அடிச்சவர்" என்று சொன்னா. எதிரி மில்ரனின் சட்டத்தரணி எத்தனை விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டும் அவ அசையவில்லை. அத்தானின் உடம்பில் மதுவே இல்லை என்று வைத்தியர் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன், யாராவது எழுதுகிறார்களா என்று. நிருபர்கள் இருக்கிற வாங்கில் ஒரு பொலிஸ்காரரின் தொப்பி மட்டும் இருந்தது.

தவணை தவணையாகப் போனேன். ஒருவரும் வரவில்லை. கடைசியில் டவுனில் நிருபர் றஊப்பின் வீட்டுக்கே போய்க் கேட்டேன், பிணத்துக்கு வந்த உங்களுக்கு வழக்குக்கு வழி தெரியவில்லையா என்று. அந்த மனிதன் கதிரையைத் தந்து இருக்கச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு தவணைக்கு நாள் முழுக்கக் காத்திருந்தால் வழக்கை ஒத்திவைப்பார்களாம். எழுதுகிற செய்திக்குத்தான் சம்பளம், காத்திருப்பதற்கு இல்லையாம். ஒரு சொல் பிழைத்தால் நீதிமன்ற அவமதிப்பு என்று இழுப்பார்களாம், பேப்பர்காரர் பின்னால் நிற்கமாட்டார்களாம். இதெல்லாம் சரி என்றே வைப்போம். கைருன்னிசாவின் சாட்சியத்தைப் பிறகு ஒரு சட்டத்தரணியிடம் கேட்டு எழுதி அனுப்பினாராம். "வழக்கு நடக்குது, இப்ப போடக்கூடாது" என்று ஆசிரியர் சொன்னாராம். வழக்குத் தொடங்க முதல் என் புருஷனைக் கசிப்புக்காரன் என்று போட்டபோது இந்தச் சட்டம் எங்கே போனது? நான் அப்படிக் கேட்டதும் றஊப் மெல்லச் சொன்னார், "அக்கா, மில்ரன்ர தகப்பன் மீனுக்கு ஐஸ் குடுக்கிற கொம்பனி முதலாளி. திருவிழாவுக்கும் பெருநாளுக்கும் முழுப்பக்க விளம்பரம் அவர்ர. விளங்குதுதானே?"

விளங்கியது. வீட்டுக்கு வந்து ஜெசிக்காவிடம் உன் தளத்தைத் திறக்கச் சொன்னேன். அத்தானின் செய்திக்கு மேலேயே அதே ஐஸ் கொம்பனியின் விளம்பரம் மினுங்குகிறது. தம்பி, அந்த நேரம் எனக்கு அழுகை வரவில்லை.

போன மாதம் தீர்ப்பு வந்தது. மில்ரன் குற்றவாளி. கொண்டுபோய் மறியலில் போட்டார்கள். அடுத்த நாள் பேப்பரைப் புரட்டினேன். தகப்பன் விளையாட்டுப் போட்டியில் கிண்ணம் கொடுக்கிற படம் இருந்தது. மகனுக்குத் தண்டனை கிடைத்ததற்கு ஒரு வரி இல்லை. அந்த ஞாயிறு பூசை முடிந்து வருகிறேன், எங்கள் சனமே என்னைப் பிடித்து, "மில்ரன விட்டாச்சாமே? கொழும்பில நிக்கிறானாமே?" என்று கேட்கிறது. வழக்கு தள்ளுபடி என்று மில்ரன் வீட்டார் பரப்பிவிட்டார்கள். இல்லை என்று காட்ட என்னிடம் என்ன இருக்கிறது? நீதிபதி திறந்த மன்றில் சொன்ன தீர்ப்பு, ஊருக்கு இரகசியமாகிவிட்டது.

அதனால்தான் ஏலத்துக்குப் போனேன். வள்ளக்காரர் வந்து மீன் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் ஏறினேன். கூண்டில் சொன்னதை, வைத்தியர் சொன்னதை, நீதிபதி சொன்னதை, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். ஏலக்காரர் ஏலத்தை நிறுத்தினார். ஒருவன் மட்டும், "இறங்கணை, விசர் பிடிச்சிட்டுதோ" என்று கத்தினான். அப்போது மீன் வாங்க வந்திருந்த கைருன்னிசா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தா. "ஓம், நான் பாத்தனான். கோட்டிலயும் இதைத்தான் சொன்னனான். என்னையும் விசர் எண்டு சொல்லு" என்று என் பக்கத்தில் நின்றா. கத்தினவன் போய்விட்டான். சங்கத் தலைவர் வந்து, "பிள்ளை, நாங்களும் பொய்யை நம்பிட்டம்" என்றார். எவனோ அதைப் படம் பிடித்துப் போட்டிருக்கிறான். அதுதான் உன் வெட்கம்.

மறுநாள் ஜெசிக்கா தானாகவே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். கைருன்னிசாவின் புருஷன் சரிபுதீன் அண்ணனுக்கு மட்டும் இப்போது ஐஸ் இல்லையாம். கொம்பனி லொறி அவர் வாசலில் நிற்காமல் போகிறது. மில்ரன் மேன்முறையீடு செய்திருக்கிறான். அங்கேயும் நான் போவேன். அங்கேயும் அந்த வாங்கு வெறுமையாகத்தான் இருக்கும்.

நீ எனக்குக் காசு அனுப்பவேண்டாம். பொட்டலம் அனுப்பவேண்டாம். அந்தப் பொய்த் தலைப்பை அழித்துவிட்டு, பெனடிக்ற் வெறுங்கையோடு நின்றவர், அவரை அடித்துக் கொன்றவன் மில்ரன் என்று நீதிமன்றம் தீர்த்தது என்று எழுது. உனக்கு அவ்வளவு பயமென்றால் அவன் பெயரை விடு. என் புருஷனின் பெயரையாவது சுத்தமாக எழுது.

ஆண்டவர் உன்னையும் உன் வீட்டையும் காக்கட்டும். உன்னைப்பற்றி ஊர் ஒரு பொய்யை நம்புகிற நாள் வந்தால், அது பொய் என்று எழுத உனக்கு ஒரு தம்பி இருக்கட்டும்.

உன் அக்கா,
அஞ்சலா பெனடிக்ற்